பெரியக்கா தைத்த போர்வையின் ஓரம்

திரைச்சீலை தைக்கிற பட்டறையில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் கோபப்பட மாட்டாள், உள்ளுக்குள் பெருமைதான். ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், துணி எவ்வளவு வழுக்கினாலும், கத்திரி வெட்டினால் வெட்டினதுதான், மறுபடி அளந்து பார்க்க வேண்டாம் என்று கட்டிங் மாஸ்டரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் லேசில் ஒருத்தரைப் புகழ்கிற ஆள் இல்லை. தன் சொந்த மகன் கல்யாண போட்டோவைப் பார்த்துவிட்டு, பின்னால் தொங்குகிற திரை கோணலாக இருக்கிறது என்றவர். அப்பேர்ப்பட்டவர் சொன்னது கத்திரியின் தலையில் கொஞ்சம் ஏறித்தான் உட்கார்ந்திருந்தது. அதுதான் பின்னால் அவளைக் கவிழ்த்தது. அவசரப்பட வேண்டாம், முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வீடு. கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். தம்பி பெண்டாட்டிதான் கத்திரி. அண்ணன் பெண்டாட்டியை அந்த வீட்டில் எல்லோரும் பெரியக்கா என்பார்கள். ஓரகத்திகள் இருவருக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான், ஆனால் சண்டை என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. தண்ணி மோட்டாரை யார் நிறுத்துவது என்பதில் வந்தது, போனது.

பெரியக்கா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி மடிகிற இடத்தில் கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்குமே, அதை இடுக்கியில் பிடித்து ஒரே திருகில் உட்கார வைப்பாள். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. மாத்திரை சாப்பிட்டால் குறையும், போகாது என்றார் டாக்டர். ஒருநாள் கடையில் ஸ்க்ரூ தரையில் விழுந்தது, தேடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. வாடிக்கையாளர் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்கு வந்து, "வேலையை விட்டுட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு கையை இன்னொரு கையால் மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் கத்திரி கொண்டுவந்த யோசனைதான் ஒட்டுப்போர்வை. பட்டறையில் சாம்பிள் துணி மூட்டை மூட்டையாகக் கழியும். அட்டையை ஆறு மூலையாக வெட்டி, அதன் மேல் துணியைப் போர்த்தி மடித்து, மடிப்பைப் பின்னால் பிடித்துத் தைக்க வேண்டும். இப்படிச் செய்த துண்டுகளைப் பக்கத்தோடு பக்கம் வைத்துச் சேர்த்துக்கொண்டே போனால் தேன்கூடு மாதிரி விரியும். நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொன்று. ஒரு துண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் தைத்து முடிந்ததும் அட்டையை உருவிவிடலாம், துணி தன் வடிவத்தில் நிற்கும்.

முதலில் பெரியக்கா முறைத்தாள். "நடுங்குற கைக்கு ஊசி வேறயா?" என்றாள். பிறகு யாரும் பார்க்காதபோது ஒன்றைத் தைத்துப் பார்த்திருக்கிறாள். மடியில் தலையணை, அதன் மேல் இரண்டு முழங்கையும் ஊன்றி, ஊசியை அட்டையின் விளிம்பில் சாய்த்துப் பிடித்தால் நடுக்கம் பாதி அடங்கிவிடுகிறது என்று அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகளின் கட்டிலுக்கு என்று அளவு சொன்னாள். சாயங்காலமானால் மாடிப்படி அடியில் நின்று, "அட்டை தீர்ந்துபோச்சு" என்று குரல் கொடுப்பாள். கத்திரி வெட்டிக் கொடுப்பாள்.

ஒருநாள் அப்படித்தான் பெரியக்கா இரண்டு துண்டுகளோடு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள். கத்திரி போனில் இருந்தாள். திரைக்கு வளையம் பித்தளையா ஸ்டீலா என்று ஒரு வீட்டம்மா அவள் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை இடிக்குது. பக்கத்துக்குப் பக்கம் சேர மாட்டேங்குது" என்றாள் பெரியக்கா. "அட்டை பெருசா இருக்கா, கொஞ்சம் வச்சுப் பாரேன்."

கத்திரி போனைக் கையால் மூடிக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அட்டையெல்லாம் ஒரே அளவுதான்க்கா. உங்க கைதான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டு, மறுபடி பித்தளை வளையத்துக்குப் போய்விட்டாள்.

பெரியக்கா "ம்" என்றாள். படியில் இறங்கிப் போனாள். அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. தைப்பது மட்டும் மெதுவாகிக்கொண்டே போனது.

கடைசி வட்டமும் முடிந்த அன்று கீழே கட்டிலில் விரித்தார்கள். நடுப்பகுதி சமர்த்தாகப் படுத்தது. ஓரம் படுக்கவில்லை. சுற்றிலும் அலை அலையாக எழும்பி நின்றது. இந்தப் பக்கம் தடவினால் அந்தப் பக்கம் எழுந்தது, அந்தப் பக்கம் அமுக்கினால் மூலையில் எழுந்தது. பெரியக்காவின் வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில், "டிக்ஷனரியைத் தூக்கி மேல வச்சா படிஞ்சிடும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பெரியக்கா போர்வையை நாலாக மடித்துக் கத்திரியின் கையில் கொடுத்தாள். "என் கை இனிமே எதுக்கும் ஆகாது. பஞ்சு வச்சு, நீயே எந்த டிசைனாவது போட்டு எப்படியாவது முடிச்சுக் குடு. பொண்ணு வரும்போது குடுத்தாப் போதும்."

அன்றிலிருந்து அவள் நாலு பேர் எதிரில் ஒரு கப்பைக்கூடத் தூக்கவில்லை. டீ போட்டால், ஆறட்டும் என்று வைத்துவிடுவாள். எல்லோரும் எழுந்து போன பிறகு சமையலறையில் சுவரைப் பார்த்து நின்று குடிப்பாள். கத்திரி ஒருதரம் தெரியாமல் உள்ளே போய்விட்டு, பார்க்காத மாதிரி திரும்பி வந்தாள். பாவம், வியாதி முற்றிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

இப்போது டிசைன் விஷயம். போர்வை என்றால் மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க மேலே ஒரு தையல் ஓட வேண்டும். அது எப்படி ஓடுகிறது என்பதுதான் டிசைன். ஆறு மூலைத் துண்டுக்கு வழிகள் உண்டு. மூலைக்கு மூலை கோடு இழுத்து நட்சத்திரமாக்கலாம். துண்டு கிண்டு எதையும் கண்டுகொள்ளாமல் போர்வை முழுக்க மெஷினில் சுருள் சுருளாக ஓட்டலாம். அல்லது ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அதன் ஓரத்தை ஒட்டியே கையால் ஒரு சுற்றுத் தையல் போடலாம். இந்தக் கடைசி வழியில்தான் துண்டு தைத்தவளுடைய கை தெரியும். நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும், ஒளிக்க முடியாது.

கத்திரிக்கு அந்தக் கடைசி வழிதான் பிடித்திருந்தது. நடுங்குகிற கையோடு ஒருத்தி தைத்ததை மெஷினில் போட்டு ஓட்டுவதாவது என்று நினைத்தாள். ஓரத்து அலையை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். பட்டறையில் மத்தியானம் மேஜை காலியானதும் போர்வையை விரித்தாள். கோடு போட ஆறு மூலைத் தகடு வேண்டும். மாஸ்டர் எப்போதோ ஒரு குஷன் ஆர்டருக்காக வெட்டிய தகடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல்முதல் அட்டைகளை அவள் வெட்டியதும் அதை வைத்துத்தான்.

நடுத்துண்டின் மேல் தகட்டை வைத்தாள். மூடி போட்ட மாதிரி பொருந்தியது. அடுத்த வட்டத்திலும் பொருந்தியது. நாலைந்து வட்டம் தள்ளி வைத்தபோது, தகட்டைச் சுற்றித் துணி ஒரு நூல் அளவுக்கு எட்டிப் பார்த்தது. இன்னும் தள்ளிப் போனால் இன்னும் கொஞ்சம். ஓரத்து வட்டத்தில் தகட்டைச் சுற்றி நகத்தின் அகலத்துக்குத் துணி நின்றது.

துணி இழுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓரத்துத் துண்டுகளில் அட்டை இன்னும் உள்ளேயே இருந்தது. ஒன்றை உருவித் தகட்டின் மேல் வைத்தாள். அட்டை இழுக்குமா? அட்டைதான் பெரிசு. அதன் விளிம்பில் அவளுடைய பென்சில் கோடு அப்படியே இருந்தது. கோட்டுக்கு வெளிப்பக்கமாக வெட்டியிருந்தாள்.

நடந்தது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டறையில் முதல் திரையை அளந்து வெட்டுவார்கள், அதை விரித்து வைத்து அதன் மேலேயே அடுத்ததை வெட்டுவார்கள். ஒரு நூல் கூடினால் என்ன, மடித்துத் தைக்கும்போது மடிப்பு அதைத் தின்றுவிடும். அந்தப் பழக்கத்தில்தான், தகட்டை எடுத்துவரச் சோம்பல்பட்டுக்கொண்டு, முன்னால் வெட்டிய அட்டையை வைத்து அடுத்த அட்டையை வெட்டினாள். அதை வைத்து அடுத்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பென்சில் கோடு கூடியது. மேலே வந்து வைத்துப் பார் என்று ஒருத்தி கேட்டபோதும், கத்திரி வெட்டினால் வெட்டினதுதான் என்று இருந்துவிட்டாள். அளந்து பார்க்காத அட்டைக்குச் சாட்சி சொல்லிவிட்டு, பார்க்காத கையின் மேல் பழியைப் போட்டுவிட்டாள்.

போர்வையைத் திருப்பினாள். பின்பக்கத் தையல் எறும்பு வரிசை மாதிரி ஓடியது. ஓரத்துக்கு வர வர, நீளமான பக்கத்தைக் குட்டைப் பக்கத்தோடு சேர்க்கப் பெரியக்கா என்ன பாடு பட்டிருக்கிறாள் என்பது தெரிந்தது. மிஞ்சிய துணியைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கிள்ளலாகப் பக்கம் முழுக்கப் பங்கிட்டு, மூலையை மூலையோடு கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். ஒரு மூலைகூட விலகவில்லை. கத்திரிக்கே அது வராது. நடுங்காத கையை வைத்துக்கொண்டும் வராது.

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன, ஓரம் அலை எடுக்குதா?"

"ஆமா மாஸ்டர்."

ஒரு மூலையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். "யாரு தச்சது?"

"எங்க ஓரகத்தி."

"சுத்தம்" என்றார். மாஸ்டர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. "அப்புறம் ஏன் இப்படி நிக்குது?"

கத்திரி உருவிய அட்டையைப் புடவை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். "துணி இழுத்திருக்கும் மாஸ்டர்."

சொன்னது அவள் வாய்தான். கேட்டது அவள் காதுதான். வெட்கமாக இருந்தது. மாஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நெருக்கமா சுருள் ஓட்டிடு. அலை அமுங்கிடும். எந்தத் துண்டு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். கீழ்க்கதவு திறந்திருந்தது. பெரியக்கா வழக்கம்போல மடியில் கையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்திரி வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"டிசைன் பார்த்தியா?"

"பார்த்துட்டே இருக்கேன்க்கா. ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே ஒரு சுத்து..."

"வேண்டாம்" என்றாள் பெரியக்கா. "மெஷின்ல நெருக்கமா எதையாவது போட்டு மூடிடு. என் தையல் ஒண்ணுகூட வெளியே தெரியக் கூடாது. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க கண்ணுல எல்லாம் படும்."

இதுதான் சமயம். அட்டை கைப்பைக்குள்ளேயே இருந்தது. எடுத்து நீட்டினால் முடிந்தது. கத்திரி, "சரிக்கா" என்றாள். எவ்வளவு வசதியாகப் போயிற்று பாருங்கள். ஒளிக்க வேண்டியவள் இவள், ஒளிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவள் அவள். மாடிப்படி ஏறும்போது கத்திரிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மேலே போய் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் நல்ல மனுஷன், ஆனால் எந்தப் பிரச்சினையையும் அது படுத்திருக்கிற இடத்திலேயே தூங்க வைத்துவிடுவார். முழுக்கக் கேட்டுவிட்டு, "போர்வைதானே? மூடிப் படுக்கிறவன் ஓரத்தையா பார்த்துட்டுப் படுப்பான்? விடு" என்றார்.

"உங்க அண்ணி சுவத்தைப் பார்த்து டீ குடிக்கிறாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

மறுநாள் பட்டறையில் அட்டைகளை எல்லாம் உருவினாள். அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் அடுக்கி நீளத் தையல் போட்டுப் பிடித்தாள். மெஷினில் ஒரு மூலையில் ஆரம்பித்தாள். சுருளுக்கு மேல் சுருள், நெருக்கமாக. பெரியக்காவின் கிள்ளல்கள் மேல் மெஷின் கால் ஏறும்போது லேசாகத் தடுக்கும். ஒவ்வொரு தடுக்கலும் அவளுக்குச் சுருக் சுருக்கென்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒரு மூலை முடிந்ததும் எடுத்துப் பார்த்தாள். மாஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. அலை அமுங்கிவிட்டது, துண்டு எது சுருள் எது என்றே தெரியவில்லை, கடையில் வாங்கியது போலவே இருந்தது. கோணலாக வந்திருந்தால் பிரித்துவிட ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். நன்றாக வந்து தொலைத்தது.

சாயங்காலம் அதைக் கீழே எடுத்துப் போனாள். பெரியக்கா அந்த மூலையை மடியில் போட்டு விரலால் தடவினாள். தேடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். தன் தையல் எதுவும் விரலில் தட்டவில்லை. முகம் தெளிந்தது.

"பாருங்க" என்று தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "என் கை அடிச்ச கூத்தை எப்படி நிமித்திட்டா பாருங்க. இவ மட்டும் இல்லேன்னா இதைக் குப்பையிலதான் போட்டிருக்கணும்." பிறகு கத்திரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கியது. "உனக்கு எத்தனை வேலை. இதுக்கு நடுவுல என்னோடதையும் சுமக்கிறே."

திட்டு வாங்கியிருந்தால் கத்திரி தாங்கியிருப்பாள். இந்த நன்றியை அவளால் ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை. கையை விடுவித்துக்கொண்டு பையைத் திறந்தாள். தகட்டையும் அட்டையையும் எடுத்துப் பெரியக்கா எதிரில் ஸ்டூலில் வைத்தாள். தகட்டை ஏன் பட்டறையிலிருந்து எடுத்து வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மனசின் ஒரு மூலை மட்டும் யோக்கியமாக வேலை செய்திருக்கிறது.

"அக்கா, இது முதல்ல வெட்டின அளவு. இது உங்க ஓரத்து அட்டை. வச்சுப் பாருங்க."

பெரியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். தகட்டை எடுத்து அட்டையின் மேல் வைத்தாள். கை நடுக்கத்தில் தகடு அட்டையில் தடதடவென்று அடித்தது. இன்னொரு கையால் பிடித்து நிறுத்தினாள். சுற்றிலும் நீட்டிக்கொண்டிருந்த அட்டையை விரலால் ஒரு சுற்று தொட்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து."

"நேத்து என்கிட்ட டிசைன் பத்திப் பேசினியே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடி."

பெரியக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். "அன்னிக்கு மேல வந்து கேட்டேன்."

"கேட்டீங்க."

"நீ பார்க்கலை."

"பார்க்கலைக்கா." கத்திரிக்கு அழுகை வந்துவிட்டது.

"தள்ளி உட்காந்து அழு. பஞ்சு நனைஞ்சா காயாது" என்றாள் பெரியக்கா. குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "அட்டை போனாப் போகுது. யாருக்கும் தப்பு வரும். என் கை நடுங்குதுன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அது எனக்குத் தெரியும். அந்தக் கை இன்னும் தைக்குதா இல்லையாங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியாம இருந்துச்சு. அதைத்தான் உன்கிட்டக் கேட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காம பதில் சொன்னே."

கத்திரி, போன், பித்தளை வளையம், வீட்டம்மா என்று எதையாவது சொல்லியிருக்கலாம். நல்லவேளை, சொல்லவில்லை.

பெரியக்கா சுருள் போட்ட மூலையை அவள் பக்கமாகத் தள்ளினாள். "பிரி."

அங்கேயே உட்கார்ந்து பிரித்தாள். மெஷின் தையலை, அதுவும் நெருக்கமான சுருளைப் பிரிப்பது என்ன லேசா? ஒவ்வொரு கண்ணியாக அறுத்து நூலை உருவ வேண்டும். அவசரப்பட்டால் துணி கிழியும். பெரியக்கா உதவிக்கு வரவில்லை. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்து, தன் தையல் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நூலும் வந்ததும் ஓரம் பழையபடி எழும்பி நின்றது.

"நீ முதல்ல சொன்ன டிசைன். ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே ஒரு சுத்து, கையால" என்றாள்.

"அலை நல்லாவே தெரியுமேக்கா. ஓரத்து வட்டத்தை மட்டும் பிரிச்சு, சரியான அட்டை வச்சு..."

"நான் ஒருதரம் தச்சாச்சு. இன்னொரு தரம் தைக்க மாட்டேன். அலை தெரியட்டும். நடு உன்னுது. ஓரம் என்னுது."

அப்படித்தான் தைத்தார்கள். போர்வையைச் சட்டத்தில் கட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டு. கத்திரி பட்டறையிலிருந்து வந்ததும் நேரே கீழே வந்துவிடுவாள். பெரியக்கா தலையணையில் முழங்கையை ஊன்றி ஏற்கெனவே தைத்துக்கொண்டிருப்பாள். சில நாள் கை அடங்கும், சில நாள் அடங்காது. அடங்காத நாளில் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் தைக்கட்டுமா என்று கத்திரி கேட்கவில்லை. அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

பெரியக்கா பேசினாள், பேசாமல் இல்லை. நூலைக் குடு, கத்திரிக்கோலை இப்படித் தள்ளு, மோட்டாரை நிறுத்தினியா? எல்லாம் பேசினாள். பரவாயில்லை என்கிற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கத்திரி ஒவ்வொரு நாளும் அதை எதிர்பார்த்துக்கொண்டே தைத்தாள். வராது என்று தெரிந்தபோது, அதைக் கேட்கிற வாய் தனக்கு இல்லை என்பதும் தெரிந்தது.

மகள் வந்தாள், மாப்பிள்ளை வந்தார், மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். கட்டிலில் போர்வையை விரித்தார்கள். நடுவில் துண்டுகள் ஒவ்வொன்றும் தன் கோட்டுக்குள் அழகாகப் படுத்திருந்தன. ஓரம் சுற்றிலும் எழும்பி நின்றது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஓரத்தைத் தடவினாள், தடவினால் படிகிற விஷயமா அது?

"ஏம்மா இங்க மட்டும் அலை அலையா இருக்கு?"

அவள் கண் தன்னையறியாமல் அம்மாவின் கைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. ஆனால் அறையில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். பெரியக்கா கத்திரியைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கத்திரிக்குக் காது இரண்டும் சுட்டது. சம்பந்தியம்மா எதிரில், மாப்பிள்ளை எதிரில். வேறு வழி ஒன்றும் இல்லை, அவளுக்கு வேண்டியிருக்கவும் இல்லை.

"அட்டையை நான்தான் பெருசா வெட்டிட்டேன்" என்றாள். "உங்கம்மா அப்பவே கேட்டாங்க. நான் வச்சுப் பார்க்காமலே உங்க கைதான்னு சொல்லிட்டேன். அவங்க கை இல்லை. திருப்பிப் பாரு, ஓரத்துத் தையல் அவங்களோடது."

மகள் திருப்பினாள். சம்பந்தியம்மாவும் குனிந்து பார்த்தார். அடித்துணியில் ஓரத்துச் சுற்றுத் தையல் எறும்பு வரிசை மாறாமல் ஓடியது. "அட, இது கையால தச்சதா?" என்றார் அவர். மாப்பிள்ளை எதற்கோ செருமினார்.

டீத் தட்டு ஸ்டூலில் இருந்தது. பெரியக்கா கையை நீட்டி அதிலிருந்து ஒரு கப்பை எடுத்தாள். எல்லோர் எதிரிலும்தான். ஆறட்டும் என்று சொல்லவில்லை. கப் சாஸரில் தடதடத்தது, தூக்கும்போது ஆடியது, வாய்க்குப் போகிற வழியில் ஒரு மடக்கு சிந்தி, போர்வையின் ஓரத்து வட்டத்திலேயே விழுந்தது.

கத்திரி பதறிப்போய்த் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான்தான், தட்டை இடிச்சுட்டேன்..."

"உட்காரு" என்றாள் பெரியக்கா. "நீ எங்க இடிச்சே? இது என் கை. அது உன் அட்டை. ரெண்டையும் சேர்த்துக் குழப்பாதே."

கப்பை மறுபடி தூக்கி, இன்னும் கொஞ்சம் சிந்தி, மிச்சத்தைக் குடித்து முடித்தாள். கத்திரி துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கறை காய்வதற்கு முன்னால் துடைக்க வேண்டும் என்று அவள் கை துறுதுறுத்தது. அவள் துடைக்கவில்லை.